பள்ளியில் கேலிக்கு ஆளான பெண்பிள்ளைகளுக்கு வளர்ந்த பிறகும் அதன் பாதிப்பு இருக்குமா?

இருக்கும். எனக்கு வயது 41. இன்றும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது துப்பட்டாவை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை. ஏழாம் வகுப்பில் அது எப்படியோ தெரிந்துபோனது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, பட்டப்பெயர்கூட வைக்கவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு அரை அடி நகர்வாள், அவ்வளவுதான். மதியம் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தால் எல்லார் டப்பாவும் கை மாறும். என் டப்பா பக்கம் ஒரு கையும் வராது. அம்மா ஒருநாள் எல்லாருக்கும் சேர்த்து உருளைக்கிழங்கு வறுவல் கட்டிக்கொடுத்தார். வரும் வழியில் அதை நாய்க்குக் கொட்டிவிட்டு, "எல்லாரும் பிடுங்கித் தின்னுட்டாங்கம்மா" என்றேன். மறுநாள் அம்மா இரண்டு மடங்கு வறுத்தார்.

டீச்சரிடமும் சொன்னேன். "காய் விட்டிருப்பாங்க, ரெண்டு நாள்ல பழம் விட்டுடுவாங்க" என்றார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, காட்டுவதற்கு என்னிடம் காயம் இல்லையே. பெண்பிள்ளைகளிடம் ஒதுக்கி வைப்பதும் குசுகுசுப்பதும்தான் அதிகம் நடக்கிறது. பெரியவர்கள் கண்ணுக்கு அது சண்டையாகவே தெரிவதில்லை.

"சின்ன வயசு விஷயம், மறந்துடும்" என்பவர்களுக்கு ஒரு தகவல். பிரிட்டனில் 1958இல் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அவர்களில் 7,771 பேரை வைத்து 2014இல் ஓர் ஆய்வு வந்தது. 7, 11 வயதுகளில் அடிக்கடி சீண்டலுக்கு ஆளானவர்களிடம் 45 வயதில் மனச்சோர்வும் பதற்றமும், 50 வயதிலும் மன உளைச்சலும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. அது ஆண், பெண் இருபாலருக்குமான கணக்கு. ஆனாலும் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி. நான் மட்டும் பைத்தியம் இல்லை.

என் விஷயத்தில் அது இப்படி இருந்தது: ஆபீசில் நான் உள்ளே போகும்போது இரண்டு பேர் சிரித்தால், என்னைப் பற்றித்தான் என்று வயிறு கலங்கும். தோழி போனை எடுக்காவிட்டால், நான் என்ன தப்பு செய்தேன் என்று நாள் முழுக்க ஓடும். தப்பே செய்யாமல் ஸாரி சொல்வேன். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் சாப்பாடு இறங்காது. 34 வயதில்தான் கவுன்சலரிடம் போனேன். அங்கே முதல் இரண்டு வாரம் வறுவல் கதையை மட்டுமே பேசி அழுதேன். தேற ஒரு வருடம் பிடித்தது. முகர்ந்து பார்ப்பது ஒரு நாளைக்குப் பத்து முறையிலிருந்து ஒன்றுக்கு வந்திருக்கிறது. அந்த ஒன்று போகவில்லை, சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

இதைப் படிக்கும் யாருக்காவது பேச ஆள் வேண்டுமென்றால் 14416க்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பெண்பிள்ளை வைத்திருப்பவர்கள் சாயங்காலம் "சாப்பிட்டியா?" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். யார் கூட உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று கேளுங்கள். என் மகள் ஆறாவது படிக்கிறாள். தினமும் கேட்கிறேன். "ஏம்மா டெய்லி இதையே கேக்குற?" என்று சலித்துக்கொண்டே நாலு பேர் சொல்வாள். போன வாரம் மூன்று பெயர்தான் வந்தது. நாலாவது பெண்ணுக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.