கட்டாயமாக நிரப்பவும்

வணக்கம் அக்கா,

போன மாதம் நீங்கள் எழுதியதில் ஒரு வரி: “படிவத்தில் சிவப்பு நட்சத்திரக் குறி போடுகிறவர் ஓர் அரசாணை போடுகிறார், அது அவருக்குத் தெரிவதில்லை.” அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் ஒரு நிதி நிறுவனத்தில் நாலு வருடமாகப் படிவங்கள்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கட்டாயம் என்று போடாவிட்டால் ஜனங்கள் எதையும் நிரப்புவதில்லை. நிரப்பினாலும் குப்பையாக நிரப்புகிறார்கள். கேஒய்சி, அதாவது வாடிக்கையாளரின் அடையாளச் சரிபார்ப்பு, சரியில்லை என்றால் தணிக்கையில் மாட்டிக்கொள்வது நாங்கள்.

என் அப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்து மூன்று வருடமாகிறது. இன்னும் கரண்ட் பில் கட்டவும் ரீசார்ஜ் செய்யவும் தெருமுனைக் கடைக்குத்தான் போகிறார். ஒவ்வொரு தடவையும் பத்தோ இருபதோ அழுதுவிட்டு வருகிறார். கற்றுக்கொள்ள மாட்டேன் என்று அடம் பிடிக்கிறவர்களுக்கு நீங்கள் பரிந்து பேசுவதாகத் தோன்றுகிறது. புரோகிராமரான நீங்களே வீட்டுக் கணக்கை நோட்டில் எழுதுவதாகச் சொல்கிறீர்கள். இது பழைய காலத்தின் மீதான ஏக்கம்தானே? மனிதர்கள்தானே தொழில்நுட்பத்துக்குப் பழகிக்கொள்ள வேண்டும்?

ச., கோவை

அன்புள்ள தம்பிக்கு,

ஏக்கம் ஒன்றும் இல்லை. கீரைக்காரம்மாவுக்குக்கூட நான் யூபிஐயில்தான் கொடுக்கிறேன். மின்கட்டணம் கட்ட வரிசையில் அரைநாள் நின்ற காலம் திரும்பி வர வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வீட்டுக் கணக்கு நோட்டில் இருப்பதற்குக் காரணம் என் அம்மா. அந்த நோட்டில் நானும் எழுதுகிறேன், அவரும் எழுதுகிறார். நான் ஊரில் இல்லாத நாளில் பால்காரருக்கு எவ்வளவு பாக்கி என்று அவரே பார்த்துச் சொல்லிவிடுகிறார். இதைவிடச் சுலபமாக இருவருக்கும் கைவந்த செயலி ஒன்று கிடைத்தால் நாளைக்கே மாறிவிடுவேன்.

உங்கள் முக்கியமான கேள்விக்கு என் அம்மாவின் பெயரிலிருந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

அம்மா எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் பழைய உறுப்பினர். ஈவுத்தொகை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பங்குச் சான்றை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, “உங்க பேரு இதுல இல்லையேம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி போனார். அதே பதில். பொங்கலுக்கு நான் போனபோது, “என் பேரையே காணோமாம்” என்று சொன்னார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது கோபம்கூட இல்லை, ஏதோ தான்தான் தப்புச் செய்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம்.

மறுநாள் கூடவே போனேன். எழுத்தர் நல்ல மனிதர். எனக்காக மறுபடி தேடினார். எக்செல் கோப்பு, கன்ட்ரோல்-எஃப், கௌசல்யா என்று அடித்தார். இல்லை. நான் பட்டியலைக் கையால் உருட்டச் சொன்னேன். உறுப்பினர் எண்ணுக்கு நேராக அம்மாவின் பெயர் பளிச்சென்று இருந்தது. எழுத்தருக்கு நம்ப முடியவில்லை. கண்ணுக்கு எதிரே இருக்கிற பெயரைக் கணினி இல்லை என்கிறதே!

நடந்தது இதுதான். பட்டியலை முதலில் அடித்தவர் ‘கௌ’ என்பதற்குப் பதிலாக ‘கெ’ அடித்து, பக்கத்தில் ‘ள’ அடித்திருந்தார். கௌசல்யா, கெளசல்யா. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எழுத்துகளைக் கணினி சேமித்துவைக்கிற யூனிகோடு முறையில் முதலாவது, ‘க’வும் ஒரே ஓர் ஔகாரக் குறியும். இரண்டாவது, ‘க’, ஒற்றைக்கொம்பு, அப்புறம் தனி எழுத்தாக ஒரு ‘ள’. கணினிக்கு இவை இரண்டு வேறு வேறு பெயர்கள். ஊரில் எத்தனை கௌரி, கௌதமன், சௌந்தரம், மௌனிகா இருக்கிறார்களோ, அத்தனை பேரும் இப்படிக் காணாமல் போயிருக்கக்கூடும்.

சரி, ‘ெள’ வருகிற இடத்திலெல்லாம் ‘ௌ’ என்று மாற்றிவிடலாமே என்று எழுத்தர் கேட்டார். எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது. நல்லவேளை, அடுத்த வரியில் ஒரு வெள்ளைச்சாமி இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு மாற்றியிருந்தால் அவருடைய ‘வெள்’ உடைந்து, புள்ளி அந்தரத்தில் தொங்கியிருக்கும். வெள்ளையம்மாள்கள் வேறு ஏகப்பட்ட பேர். ‘ள’வுக்குப் பிறகு புள்ளி இருந்தால் விட்டுவிடு, இல்லாவிட்டால் மாற்று என்று ஒரு சின்ன நிரல் எழுதினேன். மாற்றிய ஒவ்வொரு பெயரையும் எழுத்தர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். ஒரு மத்தியான நேர வேலை.

அந்த ஒரு மத்தியானத்தை யார் செலவழித்திருக்க வேண்டும் என்பதுதான், தம்பி, எனக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கிற வழக்கு. தேடுதலை எழுதியவர் அதைச் செலவழித்திருந்தால் என் அம்மா இரண்டு தடவை வெயிலில் நடந்திருக்க மாட்டார். எந்த மென்பொருளிலும் ஏதாவது ஒன்று பொருந்தாமல் போகும், அது தவிர்க்க முடியாதது. பொருந்தாததைப் பொருத்துகிற பாடு, திரைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர் தலையில் விழுகிறதா, அந்தப் பக்கம் இருக்கிறவர் தலையில் விழுகிறதா என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம். நாம் யோசிக்காமல் விட்டால் அது எப்போதும் அந்தப் பக்கம்தான் விழும்.

நீங்கள் கட்டாயம் என்று குறி போடுகிற ‘கடைசிப் பெயர்’ பெட்டியும் இதே கதைதான். நமக்குக் கடைசிப் பெயர் என்று ஒன்று ஏது? அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால், நம் பெயர் பின்னால், அவ்வளவுதான். பான் அட்டைக்கான விண்ணப்பத்தில் இனிஷியல் போடக் கூடாது, விரித்து எழுத வேண்டும். விரித்தால் அப்பாவின் முழுப்பெயர் என் கடைசிப் பெயராகிறது. பான் எண்ணின் 10 இடங்களில் ஐந்தாவது, கடைசிப் பெயரின் முதலெழுத்து. என்னுடையதில் அந்த இடத்தில் என் அப்பாவின் எழுத்துதான் நிற்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு திறந்த வங்கிக் கணக்கிலும் ரேஷன் கார்டிலும் என் இனிஷியல் கணவருடைய எழுத்து. நான் ஒருத்திதான். ஆனால் இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிற நிரலுக்கு நான் இரண்டு பேர். ‘பெயர் பொருந்தவில்லை’ என்று வருகிற ஒவ்வொரு தடவையும் அது நான்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்கள் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை வைத்திருப்பார்கள்.

வெளிநாடு போனால் இன்னும் மோசம். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில், இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று போட்டுவிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். என் தம்பிக்கு அப்படி வந்தது. அங்கே வங்கி அட்டையிலிருந்து அலுவலக அடையாள அட்டை வரை அந்த மூன்று எழுத்தே அவன் பெயராகிவிட்டது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தபோது நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் அலைந்தார்கள் என்று உங்களுக்கும் நினைவிருக்கும்.

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பதிவுப் படிவம் எழுதினேன். கடைசிப் பெயர் கட்டாயம், குறைந்தது இரண்டு எழுத்து. எனக்கே கடைசிப் பெயர் கிடையாது, ஆனாலும் எழுதினேன். பாடப் புத்தகத்திலும் அலுவலகத்து மாதிரிப் படிவத்திலும் அப்படித்தான் இருந்தது. சில மாதங்கள் கழித்து வேறு ஒரு வேலைக்காக, ஜனங்கள் நிரப்பியதெல்லாம் சேர்ந்திருந்த அட்டவணையைத் திறந்து பார்த்தேன். கடைசிப் பெயர் வரிசையில் இரண்டு புள்ளிகள். ‘என்ஏ’. ‘எக்ஸ் எக்ஸ்’. ‘எஸ் எஸ்’ என்று ஒரே இனிஷியலை இரண்டு தடவை அடித்தவர்கள். தன் பெயரையே இரண்டாவது தடவையும் எழுதியவர்கள். முகவரியைப் பார்த்தால் சேலம், நாகர்கோவில், திண்டுக்கல். நீங்கள் குப்பை என்கிறீர்களே, அந்தக் குப்பை எனக்கு நன்றாகத் தெரியும். அதை உண்டாக்கியது என் நட்சத்திரக் குறி. உண்மையைச் சொன்னால் ஏற்றுக்கொள்ளாத படிவத்திடம் மனிதர்கள் வேறு என்னதான் செய்வார்கள்? அன்றைக்கு அந்தத் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்டிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்டிப்பு அழகாக அமைந்த ஓர் இடம் சொல்கிறேன். ஆதார் எண்ணின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம், முந்தைய 11-லிருந்து கணக்கிட்டு வருவது. ஃபெர்ஹூஃப் என்ற டச்சுக் கணிதவியலாளர் 1969-இல் வெளியிட்ட முறை அது. ஓர் இலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறி 47-ஐ 74 என்று அடித்தாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அடிக்கிறவருக்கு இதனால் கூடுதலாக ஒரு வேலையும் இல்லை. சுமையை எண்ணே சுமந்துகொள்கிறது. பணப் பரிமாற்றத்தில் ஓடிபி கேட்பதும் என்னைக் காப்பாற்றுகிற கண்டிப்புதான், அதில் எனக்குச் சலிப்பில்லை. கடைசிப் பெயர் கேட்கிற கண்டிப்பு யாரைக் காப்பாற்றுகிறது என்று உங்கள் குழுவில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். வலைத் தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பே, பெயரைத் துண்டாக்கிக் கேட்பதற்கு முன்னால் அது உண்மையிலேயே தேவையா என்று யோசிக்கச் சொல்கிறது. முழுப்பெயருக்கு ஒரே ஒரு நீளமான பெட்டி போதும். தணிக்கைக்கு வேண்டியது ஆவணத்தில் உள்ளபடியே பெயர், அது அந்த ஒரு பெட்டியில் அடங்கும்.

ஜான் போஸ்டல் என்று ஒருவர். இணையத்தில் கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான அடிப்படை நெறிமுறைகளை எழுதியவர்களில் முக்கியமானவர், 1998-இல் காலமானார். 1980-இலேயே நெறிமுறை ஆவணம் ஒன்றில் அவர் ஒரு விதி வைத்தார்: அனுப்பும்போது கண்டிப்பாக இரு, பெற்றுக்கொள்ளும்போது தாராளமாக இரு. அந்தத் தாராளத்தால் பாதுகாப்பு ஓட்டைகள் வருகின்றன என்று பின்னால் வந்தவர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. அது இயந்திரமும் இயந்திரமும் பேசுகிற இடம். மனிதர் இயந்திரத்திடம் பேசுகிற இடத்தில் நான் இன்னும் போஸ்டல் பக்கம்தான். கைப்பேசி எண்ணுக்கு நடுவில் இடைவெளி விட்டால் ‘தவறான எண்’ என்று சிவப்பில் எழுதுகிற படிவங்கள் இன்னும் இருக்கின்றன. இடைவெளியை நீக்க ஒரே ஒரு வரி நிரல் போதும். அதை எழுதாமல் விட்டதற்கு எத்தனை லட்சம் விரல்கள் பின்னால் போய் அழித்து அடித்திருக்கும்!

இன்னொன்று, சுருக்கமாக. என் அம்மாவுக்கு வங்கியிலிருந்து வருகிற எஸ்எம்எஸ் எல்லாம் ஆங்கிலத்தில். ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும். தமிழில் அனுப்பினால் பொதுவாக 70 இடம்தான். அதிலும் ‘வணக்கம்’ என்பது கண்ணுக்கு 5 எழுத்து, கணினிக்குப் புள்ளிகளையும் சேர்த்து 7. தமிழில் அனுப்பினால் ஒரு செய்தி இரண்டு மூன்றாக உடையும், அனுப்புகிறவருக்குச் செலவு கூடும். சரி, ஆங்கிலத்திலேயே அனுப்பினால் அனுப்புகிறவருக்கு அந்தச் செலவு மிச்சம். அந்தச் செய்தியைப் படித்துச் சொல்ல அம்மா பக்கத்து வீட்டுப் பையனைத் தேடிப் போவதற்கு யார் கணக்கு எழுதுவது? அம்மாவின் கணக்கில் இருப்பு எவ்வளவு என்பதை அந்தப் பையன் தெரிந்துகொள்வதற்கு?

இனி உங்கள் அப்பா. மில்லில் வேலை பார்த்தவர் என்கிறீர்கள். அப்படியென்றால் புதுப்புது இயந்திரங்களுக்குப் பழகியே வாழ்ந்தவர். கற்றுக்கொள்ள முடியாதவர் என்று அவரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைக்காரருக்கு அவர் கொடுக்கிற பத்து ரூபாய், தப்பாக அழுத்திப் பணம் போய்விட்டால் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதற்கான விலை என்று எனக்குப் படுகிறது. செயலியில் பணம் மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பது? மூன்று முதல் ஐந்து வேலை நாட்கள் காத்திருக்கச் சொல்கிற ஒரு தானியங்கிப் பதிலைத்தான். கடைக்காரர் அப்படிச் சொல்ல முடியாது, மறுநாளும் அதே தெருவில் அவர் கடை திறக்க வேண்டும்.

ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த தடவை அப்பா அந்தக் கடைக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். எதுவும் சொல்லிக் கொடுக்க வேண்டாம், சும்மா நில்லுங்கள். முதலில் வீட்டிலேயே அவர் எவ்வளவு தூரம் முயன்று பார்த்திருக்கிறார், எந்தத் திரை வந்ததும் கைப்பேசியைக் கடைக்காரரிடம் நீட்டுகிறார், நீட்டும்போது என்ன சொல்கிறார் என்று பாருங்கள். அந்தத் திரையையும் அவர் சொன்ன வார்த்தையையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா