கெண்டைக்கால் துடிப்பு: மறுபடி ஈ.எம்.ஜி. எடுக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 32, கோவையில் ஐ.டி. வேலை. மூன்று மாதமாகக் கெண்டைக்காலும் இடது கண் இமையும் அடிக்கடி துடிக்கின்றன. இணையத்தில் தேடினால், தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாக அழியும் ஏ.எல்.எஸ். நோய் என்று வருகிறது. நரம்பியல் மருத்துவர் பரிசோதித்து, தசையின் மின்செயல்பாட்டைப் பதிவு செய்யும் ஈ.எம்.ஜி. சோதனையும் எடுத்துவிட்டு, ‘நார்மல், டென்ஷன்தான்’ என்றார். துடிப்பு நிற்கவில்லை. மறுபடி ஈ.எம்.ஜி.யோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்கட்டுமா?

பதில்: வேண்டாம். நேரில் பரிசோதித்ததில் தசை பலம் சரியாக இருந்து, ஈ.எம்.ஜி.யும் நார்மல் என்றால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ‘டென்ஷன்தான்’ என்ற ஒற்றைச் சொல்லோடு உங்களை அனுப்பியதுதான் தவறு. ஓ.பி.யில் ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் இப்படித்தான் நடக்கும். அந்த மருத்துவர் விளக்காமல் விட்டதை இணையம் விளக்குகிறது, அதுவும் மிக மோசமான நோயிலிருந்து தொடங்கி.

ஒவ்வொரு நரம்பு இழையும் தசையில் ஒரு கொத்து நார்களை இயக்குகிறது. அந்த இழை களைத்தோ தூண்டப்பட்டோ இருந்தால் கட்டளை இல்லாமலே மின்துடிப்பை அனுப்பும். அந்தக் கொத்து மட்டும் துள்ளும். தூக்கக் குறைவு, காபி, கடும் நடை, பதற்றம் எல்லாமே அதைத் தூண்டும். பயத்தில் வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது; கால்சியத்தில் நரம்புகளுக்குப் பயன்படும் பகுதியும் குறைகிறது. அப்போது உதடும் விரலும் மரத்து, துடிப்பு கூடும். பயம் துடிப்பைக் கூட்ட, துடிப்பு பயத்தைக் கூட்டும்.

நீங்கள் பயப்படும் நோயில் முதலில் நோயாளி கவனிப்பது பெரும்பாலும் பலவீனத்தைத்தான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். ‘கால் கனமாக இருக்கிறது, சோர்வாக இருக்கிறது’ என்பது பலவீனம் ஆகாது. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் போவது, பூட்டில் சாவியைத் திருப்ப முடியாமல் போவது, முன்பாதம் தரையில் உரசித் தடுக்கி விழுவது, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்த முடியாமல் போவது, பேச்சு குழறுவது, தண்ணீர் குடிக்கும்போது புரையேறுவது: இவைதான் பலவீனம். ஒரு பக்கக் கையோ காலோ கண்ணுக்குத் தெரிய மெலிவதும் இதே கணக்குதான். பலவீனம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். நேற்று இருந்து இன்று மறையாது. இவற்றில் ஒன்று வந்தால் தாமதிக்காமல் மறுபடி நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். இல்லையென்றால் தினமும் நாற்பது முறை குதிகாலை உயர்த்திச் சோதித்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். அந்தச் சோதனையே தசையைக் களைப்பாக்கித் துடிக்க வைக்கும்.

இதுவரை பார்க்கவில்லை என்றால் தைராய்டு, கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், பி12 ஆகியவற்றை ஒரே ஒரு முறை பாருங்கள். ஆஸ்துமாவுக்கு சால்பூட்டமால் மருந்து எடுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதுவும் துடிப்பைத் தூண்டலாம். ‘முழு உடல் பேக்கேஜ்’ என்று போனில் கூப்பிடும் லேப் ஏஜென்ட்டுகளை நம்பாதீர்கள். எழுபது, எண்பது சோதனை செய்தால் ஏதோ ஒன்று எல்லையைத் தாண்டித்தான் நிற்கும். முதுகெலும்பு எம்.ஆர்.ஐ.யும் அப்படியே. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் பலருக்கும் அதில் ‘டிஸ்க் பல்ஜ்’, அதாவது முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கியிருப்பது, தெரியும். அந்தத் தாள் உங்களை இன்னும் ஆறு மாதம் தூங்கவிடாது.

‘நரம்பு ஊசி’, ‘நரம்புச் சத்து மாத்திரை’ விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. அவற்றில் பெரும்பாலும் பி6 இருக்கும். அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் அதுவே நரம்பைப் பாதித்து மரத்துப்போகச் செய்யும். பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையை மெடிக்கல் கடையில் சீட்டில்லாமல் வாங்காதீர்கள். சில வாரம் தொடர்ந்து போட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் பதற்றமும் நடுக்கமும் துடிப்பும் பல மடங்கு திரும்பும், வலிப்பும் வரலாம். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் மருத்துவர் மூலம் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது. காபி, டீயை மூன்று நாளுக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும். மதியம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம். காலை, மாலை ஐந்து நிமிடம் மூக்கு வழியாக நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். நோய் பற்றித் தேடுவதையும், ‘பார், துடிக்கிறதா?’ என்று வீட்டில் காட்டுவதையும் இரண்டு வாரம் முழுமையாக விடுங்கள். கவலை வந்தால் தாளில் எழுதி, மாலை ஆறு மணிக்குப் பதினைந்து நிமிடம் மட்டும் அதை யோசியுங்கள். முதல் நான்கைந்து நாள் பதற்றம் கூடும். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள், தாண்டிவிடுங்கள்.

ஒரு மாதத்தில் தணியவில்லை என்றால் சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) தெரிந்த உளவியலாளரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. ஆனாலும் மருத்துவமனையில் சேராமல் பெறும் ஆலோசனைக்குப் பல பாலிசிகளில் பணம் வராது. தேவையில்லாத ஸ்கேனுக்கு எளிதில் சீட்டு கிடைக்கும் நாட்டில் இந்த அரை மணி நேரப் பேச்சுக்கு வழியில்லாமல் வைத்திருக்கிறார்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416-க்குக் கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவர் பதற்றத்துக்கு எஸ்சிட்டாலோப்ராம் போன்ற மாத்திரை எழுதினால் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் படபடப்பு கொஞ்சம் கூடலாம், அதைப் பார்த்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். துடிப்பு கடைசியாகத்தான் போகும், சிலருக்கு அவ்வப்போது வந்துகொண்டும் இருக்கும். ஒரு நாளில் எத்தனை முறை குனிந்து கெண்டைக்காலைப் பார்த்தீர்கள் என்பதை வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். முதலில் குறைய வேண்டியது அந்த எண்ணிக்கைதான்.