பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்? கேள்வி-பதில்

கேள்வி: 2 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க், வயசான லேப்டாப். லுபுண்டு, ஆன்டிஎக்ஸ், பப்பி... இதுல எது ரொம்ப லைட்? ஒரே பேரா சொல்லுங்க.

பதில்: ஒரே பேர்னா ஆன்டிஎக்ஸ். ஆனா இந்த "எது லைட்" பேச்சு எனக்கு ரொம்ப நாளா உறுத்துது. பூட் ஆனதும் 200 எம்பிதான் எடுக்குதுன்னு ஸ்க்ரீன்ஷாட் போடறாங்க, சரி, வெறும் டெஸ்க்டாப்பையா பாத்துட்டு உக்காரப் போறோம்? பிரவுசரைத் திறந்து மெயில், வீடியோன்னு நாலு டேப் ஓடினா அதுவே ஒரு ஜிபிக்கு மேல முழுங்கிடும், அங்க எந்த டிஸ்ட்ரோவா (லினக்ஸ் வகை) இருந்தாலும் கதை ஒண்ணுதான். ராம் நிறைஞ்சதும் மிச்சத்தை டிஸ்க்குல இருக்கற ஸ்வாப்புங்கற இடத்துக்குத் தள்ளும், சுத்துற டிஸ்க்கால அந்த வேகத்துக்கு ஈடு குடுக்க முடியாது, கடைசில மவுஸ் கூட நகராது, திட்டு மட்டும் லினக்ஸுக்கு விழும். அதனால டிஸ்ட்ரோ தேடறதுக்கு முன்னாடி ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுத்துற பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்க. ஸ்லாட் இருந்தா ராமையும் 4 ஜிபி ஆக்குங்க, வாங்கும்போது டிடிஆர்2வா டிடிஆர்3யான்னு பாத்து வாங்குங்க, ஒண்ணு இன்னொண்ணுல பொருந்தாது. 4 ஜிபி ஆயிடுச்சுன்னா லினக்ஸ் மின்ட்ல எக்ஸ்எஃப்சிஇங்கற லைட்டான டெஸ்க்டாப் எடிஷனே போதும். 2லயே நிக்கணும்னா ஆன்டிஎக்ஸ் போட்டு இசட்ராம் ஆன் பண்ணுங்க, மெமரில இருக்கறதை அங்கயே சுருக்கி வச்சுக்கும்.

கேள்வி: கடையில லினக்ஸ் மின்ட் போட்டுட்டு "லைசென்ஸ் சார்ஜ்"னு தனியா காசு வாங்கிட்டாங்க. வீட்டுக்கு வந்து பாத்தா குடும்ப போட்டோ எல்லாம் போயிடுச்சு.

பதில்: படிக்கவே கஷ்டமா இருக்கு. முதல்ல லேப்டாப்பை ஆஃப் பண்ணுங்க, ஓட ஓட பழைய ஃபைல் மேல புதுசு எழுதிட்டே போகும். டிஸ்க்கைக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டி, போட்டோரெக்ங்கற ஃபைல் மீட்கற டூலை ஓட்டுங்க, இலவசம், ஓப்பன் சோர்ஸ்தான். மீட்டெடுக்கற படத்தை வேற டிஸ்க்குல சேவ் பண்ணணும், அதே டிஸ்க்குல வேண்டவே வேண்டாம். ஃபைல் பேரு, ஃபோல்டர் எல்லாம் திரும்ப வராது, ஆனா ஹார்ட் டிஸ்க்கா இருந்தா படம் கிடைக்க வாய்ப்பு இருக்கு. காசு விஷயம்: மின்ட்டுக்கு லைசென்ஸ் கட்டணம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. போட்டுக் குடுத்த வேலைக்குக் கூலி வாங்கலாம், அது நியாயம். பில்லுல லைசென்ஸ்னு இருந்தா அதைக் காட்டி எழுத்து மூலமா திருப்பிக் கேளுங்க. பேக்கப் இருக்கான்னு கேக்க வேண்டியது அவங்க பொறுப்பு, உங்க மேல தப்பு இல்ல.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் நெட்புக் ஒண்ணு வாங்கினேன். லுபுண்டு பூட்டே ஆகல. அப்புறம்தான் பாத்தேன், ஆட்டம் என்270 பிராசஸராம். என்ன பண்ண?

பதில்: அப்புறம்தான் பாத்தீங்களா? காசு குடுக்கறதுக்கு முன்னாடி பிராசஸர் பேரைத் தேடிப் பாக்க எவ்ளோ நேரம் ஆகும்? அது 32 பிட், பழைய ரகம், இப்ப வர்ற ஓஎஸ் பெரும்பாலும் 64 பிட்டுக்குத்தான். லுபுண்டு 19.04லயே 32 பிட்டை நிறுத்திடுச்சு, 2025ல வந்த டெபியன் 13ங்கற இன்னொரு டிஸ்ட்ரோல 32 பிட் இன்ஸ்டாலரும் இல்ல, லினக்ஸ்ல குரோம் பிரவுசரும் 2016லயே 32 பிட்டைக் கைவிட்டுடுச்சு. ஆன்டிஎக்ஸ்ல 32 பிட் எடிஷன் இருக்கு, அதைப் போட்டுப் பாருங்க. எழுதவும் பாட்டு கேக்கவும் ஆகும், வீடியோவை மறந்துடுங்க.

கேள்வி: பேட்டரி இருபது நிமிஷம்தான் நிக்குது. லைட்டான ஓஎஸ் போட்டா கூடுமா?

பதில்: கூடாது, செல் செத்தாச்சு. புதுசு வாங்கும்போது "ஒரிஜினல்"ங்கற ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீங்க, நான் வாங்கின ஒண்ணு சில மாசத்துலயே உப்பி டச்பேடைத் தூக்கிடுச்சு, கிளிக்கே அழுந்தல. அப்படி ஆனா சார்ஜ் போடாதீங்க, குத்தாதீங்க, மெதுவா கழட்டி இ-வேஸ்ட்ல குடுங்க.

கேள்வி: 128 ஜிபி பென்டிரைவ் சல்லிசா கிடைச்சுது. வென்டாய் (ஒரே பென்டிரைவ்லேர்ந்து பல ஓஎஸ் பூட் பண்ற டூல்) போட்டு ஏழெட்டு ஐஎஸ்ஓ (ஓஎஸ் இன்ஸ்டால் ஃபைல்) ஏத்தினேன், முதல்ல ஏத்தின ரெண்டு பூட் ஆகுது, மத்ததெல்லாம் பாதில நிக்குது.

பதில்: அனேகமா போலி. உள்ள 8 ஜிபியோ என்னவோ இருக்கும், 128னு காட்டற மாதிரி மாத்தி வித்திருப்பாங்க. எஃப்3ங்கற டூல்ல நிஜ அளவை டெஸ்ட் பண்ணி ரிசல்ட்டோட ரிட்டர்ன் போடுங்க. என்கிட்டயும் இப்படி ஒண்ணு வித்தாங்க, அதுலேர்ந்து புது பென்டிரைவ்னா ஃபைல் போடறதுக்கு முன்னாடி எஃப்3தான்.

கேள்வி: வாட்ஸ்அப் குரூப்ல வந்த லிங்க்ல ஐஎஸ்ஓ எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். 2016 பிப்ரவரில மின்ட்டோட சொந்த வெப்சைட்டையே ஹேக் பண்ணி, பேக்டோர் (திருட்டுத்தனமா உள்ள நுழையற வழி) வச்ச ஐஎஸ்ஓவுக்கு லிங்க்கை மாத்தி விட்டாங்க. அதிகாரப்பூர்வ சைட்ல எடுத்தாலும் ஃபைல் மாறலைன்னு காட்டற எஸ்எச்ஏ256 கோடு சைட்ல இருக்கறதோட ஒத்துப் போகுதான்னு பாத்துட்டு, வெளியிட்டது அவங்கதான்னு காட்டற ஜிபிஜி கையெழுத்தையும் சரிபார்த்துட்டு அப்புறம் பென்டிரைவ்ல எழுதுங்க.