டோக்கியோவில் முதல்முறையாக சுஷி சாப்பிடப் போகிறேன், பச்சை மீன் பழக்கமில்லை. எப்படி ரசித்துச் சாப்பிடுவது?

நவம்பரில் ஒரு வாரம் அலுவலக வேலையாக வருகிறேன், ஒரு வேளையாவது நல்ல சுஷி சாப்பிட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தூத்துக்குடிக்காரன். டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறேன். மீன் சாப்பிட்டே வளர்ந்தவன்தான். ஆனாலும் குழம்புச் சட்டியில் பார்த்துப் பழகிய மீனைப் பச்சையாக வாயில் வைக்க எனக்கும் நாள் பிடித்தது. அதனால் உங்கள் தயக்கம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

முதலில் ஒன்று. சுஷி என்றால் பச்சை மீன் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். சுஷி என்பது சோறு. வினிகரும் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் கலந்து பிசிறிய சோறு. அதன் மேல் முட்டை வைத்தாலும் சுஷிதான், வெள்ளரிக்காயை உள்ளே வைத்துச் சுருட்டினாலும் சுஷிதான். சோறு இல்லாமல் வெறும் மீன் துண்டு வந்தால் அதற்குப் பெயர் சஷிமி. நல்ல கடையில் உட்கார்ந்தால் மீனை விடச் சோற்றைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அது ஏறக்குறைய நம் உடம்புச் சூட்டில் இருக்கும், மேலே வைத்த மீன் அதைவிடச் சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும். இரண்டும் வாயில் சேரும் அந்த நொடிக்காகத்தான் இவ்வளவு பாடும். சில கடைகளில் சோறு லேசான பழுப்பாக இருக்கும். சாக்கே என்ற அரிசி மது வடித்த சக்கையிலிருந்து செய்கிற சிவப்பு வினிகர் அது, சோறு பழசு இல்லை.

அப்புறம், மேலே இருப்பதெல்லாம் பச்சையும் இல்லை. இப்போது உலகமெங்கும் தெரிந்த நிகிரி, அதாவது கையால் பிடித்த சுஷி, 1820களில் எடோ நகரத்தில் பரவியது. எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர். ஹானாயா யோஹெய் என்பவர்தான் அதைப் பிரபலமாக்கினார் என்பார்கள். அப்போது அது தெருக்கடைச் சாப்பாடு. ஐஸ் கிடையாது, குளிர்பெட்டி கிடையாது. அதனால் கொஹாதா என்ற சிறு மீனை உப்பிலிட்டு வினிகரில் ஊற வைத்தார்கள். சூரையைச் சோயா சாஸில் ஊற வைத்தார்கள். அனாகோ என்ற கடல் விலாங்கைப் பதமாக வேக வைத்தார்கள். இன்றும் பழைய பாணிக் கடைகளில் இதெல்லாம் அப்படியே நடக்கிறது. எனவே உங்கள் முதல் நாளை வேக வைத்த இறால், அனாகோ, முட்டை என்று தொடங்குங்கள். அடுத்து சூரையின் சிவப்புச் சதை. அதில் கவிச்சி வாடையே வராது. கொழுப்பு மிகுந்த வயிற்றுப் பகுதியை, தோரோ என்பார்கள், அதை இரண்டாவது முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். சால்மன் கேட்டு இல்லை என்றால் ஆச்சரியப்படாதீர்கள். பச்சை சால்மன் இங்கே புதுசு. 1980களில் நார்வேக்காரர்கள் வந்து விற்க முயன்ற பிறகுதான் மெல்லப் பரவியது. பழைய பாணிக் கடைகள் பலவற்றில் இன்னமும் வைப்பதில்லை.

மேசை வேண்டாம், கவுன்டரில் உட்காருங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். எங்கள் வீட்டுப் பக்கத்தில் எட்டுப் பேர் உட்காரும் ஒரு சின்னக் கடை இருக்கிறது. அங்கே நடப்பதைச் சொல்கிறேன். சுஷி பிடிக்கும் பெரியவர் இடது கையில் மீன் துண்டை எடுக்கிறார், அதே நேரம் வலது கை மரத் தொட்டியிலிருந்து சோற்றை அள்ளுகிறது. உள்ளங்கையில் அது உருண்டுகொண்டிருக்கும்போதே ஆள்காட்டி விரல் வசாபி என்ற காரக் கிழங்கு விழுதைத் தொட்டு மீனில் தடவிவிடுகிறது. சோற்றின் நடுவில் கட்டைவிரலால் ஒரு சின்னக் குழி. திருப்பி, அழுத்தி, மறுபடி திருப்பி, ஒரு தூரிகையால் மேலே சோயா சாஸ் பூசி எனக்கு முன்னால் வைக்கிறார். எண்ணி ஐந்தாறு நொடி. வைத்த பிறகு உற்றுப் பார்த்தால் அந்த நிகிரி தன் பாரத்தில் ஒரு நூலளவு கீழே அமிழும். உள்ளே காற்று இருக்கும்படி பிடித்திருக்கிறார் என்று அர்த்தம். அதனால்தான் கையில் எடுத்தால் உடையாது, வாயில் வைத்தால் உதிர்ந்துவிடும்.

முதல் தடவை போனபோது நான் ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் சாப்பிடும்வரை அடுத்ததில் கை வைக்காமல் காத்திருந்தார். அன்றைக்குப் புரிந்தது. தோசைக்கல்லிலிருந்து எடுத்த தோசையை ஆறவிட்டுச் சாப்பிடுவோமா? அதே கதைதான். வைத்தவுடன் எடுத்து ஒரே வாயில் போட்டுவிடுங்கள். கடற்பாசித் தாளில் சுருட்டிய ரோல் என்றால் இன்னும் அவசரம், ஒரு நிமிடம் போனாலே மொறுமொறுப்பு போய்விடும்.

கையால் சாப்பிடலாமா என்று கூச்சப்படவே வேண்டாம். நிகிரியைக் கையால் எடுப்பது இங்கே முழுக்க முறையான பழக்கம், துடைத்துக்கொள்ள ஈரத்துண்டு தருவார்கள். நமக்குக் குச்சியை விட இதுதான் வசதி. சாஸ் தொட வேண்டியிருந்தால் சாய்த்துப் பிடித்து மீன் பக்கத்தை மட்டும் தொடுங்கள். சோறு சாஸைக் குடித்தால் உதிர்ந்துவிடும், உப்பும் கரிக்கும். ஏற்கெனவே பூசி வைத்திருந்தால் தொடவே வேண்டாம். வசாபியை சாஸில் கரைத்துக் குழப்பாதீர்கள். கடுகை அரைத்தால் மூக்கில் ஏறுமே, வசாபியிலும் அதே வேதிப்பொருள்தான். துருவிய பதினைந்து இருபது நிமிடத்தில் மணம் இறங்கிவிடும். அதற்காகவே நல்ல கடைகளில் சுறாத்தோல் ஒட்டிய பலகையில் அவ்வப்போது தேய்க்கிறார்கள். ஓரத்தில் இருக்கும் இஞ்சியை சுஷியின் மேல் வைக்காமல், ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் கடித்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் என்பதால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: கட்சுவோ. நம் ஊரில் மாசிக் கருவாடு போடுகிற வரிச்சூரைதான் அது. கோடைக்கு முன் வடக்கே போய், இரை தின்று கொழுத்து, இலையுதிர் காலத்தில் தெற்கே திரும்பும். திரும்பி வரும் மீனுக்கு இங்கே தனிப் பெயரே உண்டு: மோதோரி கட்சுவோ. நவம்பர் முன்பாதியில் வந்தால் கிடைக்க வாய்ப்பு அதிகம். தோலை மட்டும் நெருப்பில் வாட்டி, இஞ்சித் துருவலோடு கொடுப்பார்கள். ஜப்பானியர் இதே மீனைப் புகைபோட்டு உலர்த்திச் சீவித்தான் தங்கள் சூப்புக்கு அடித்தளம் போடுகிறார்கள். மாசிச் சம்பலில் வளர்ந்த எனக்கு அந்த வாசனை இந்த ஊரில் முதல் நாளே சொந்தமாகிவிட்டது. உடன் வருபவர் சைவம் என்றால் வெள்ளரிக்காய் ரோல், அதாவது கப்பாமாகி, சொல்லுங்கள். முட்டையிலும், இனிப்பாக வேக வைத்த சுரைக்காய் ரோலிலும் பெரும்பாலும் இந்த மீன் சாறு சேர்ந்திருக்கும்.

செலவைப் பற்றிச் சுருக்கமாக. சமையற்காரர் விருப்பத்துக்கே விட்டுவிடும் ஓமகாசே இரவில் பத்தாயிரம் யென்னைச் சுலபமாகத் தாண்டும். மதியச் செட் அதில் ஒரு பங்குதான், கையும் அதே கை. எனக்கு மதியமே போதும் என்று தோன்றும். பட்டையில் சுற்றி வரும் கைதென் சுஷியும் நல்ல பயிற்சிதான். 1958இல் ஒசாகாவில் தொடங்கியது, பீர் ஆலையில் பாட்டில்கள் நகர்வதைப் பார்த்து வந்த யோசனையாம். முதல் நாள் அங்கே போய் எது பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு, மறுநாள் கவுன்டருக்குப் போங்கள்.

சென்ட் மட்டும் அடித்துக்கொண்டு போகாதீர்கள், பக்கத்து இருக்கைக்காரருக்கும் மீன் மணம் தெரியாமல் போகும். டிப்ஸ் கிடையாது. எழுந்திருக்கும்போது "கொச்சிசோசாமா தேஷ்தா", அதாவது விருந்துக்கு நன்றி, என்று சொல்லுங்கள், சமையற்காரர் முகம் மலர்ந்துவிடும். ஞாயிறும் பல புதன்கிழமைகளும் டொயோசு மீன் சந்தைக்கு விடுமுறை, சின்னக் கடைகள் பலவும் அன்று மூடியிருக்கும். முடிந்தால் வியாழன் அல்லது வெள்ளி மதியத்துக்கு இடம் சொல்லி வையுங்கள்.