பூஞ்சைக்கும் மூச்சு முட்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: களத்தில் காயப்போட்ட மரவள்ளித் திப்பி (மாவு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை), ஐப்பசி மழையில் இரண்டு நாள் நனைந்ததும் கறுப்பாகப் பூத்துவிட்டது. வாயும் வயிறும் இல்லாத பூசணம் இவ்வளவு மாவை எப்படித் தின்கிறது? (வாசகி, ஆத்தூர்)

பதில்: அது முதலில் செரிக்க வைக்கிறது, அப்புறம்தான் சாப்பிடுகிறது. உங்கள் திப்பியில் பூத்தது பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜராக இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், வெள்ளை இழைகளின் நுனியில் குண்டூசித் தலை போலக் கறுப்பு உருண்டைகள் தெரியும் (மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், வித்து பறக்கும்). வளர்கிற இழையின் முனையிலிருந்துதான் நொதிகள் வெளியே கசிகின்றன. அவற்றில் குளுக்கோஅமைலேஸ் என்பது மாவுச்சத்துச் சங்கிலியை நுனியிலிருந்து நறுக்கி நறுக்கிக் குளுக்கோஸாக்கும், பூஞ்சை அதை உறிஞ்சிக்கொள்ளும். பக்கத்தில் மாவு இருக்கிறது என்று தெரிந்தால் அமைஆர் என்ற புரதம் நொதி ஜீன்களைத் திறந்துவிடும். குளுக்கோஸ் தாராளமாகக் கிடைத்தால் கிரேஏ என்ற இன்னொரு புரதம் அவற்றை மூடிவிடும். இருக்கிற சோற்றை விட்டுவிட்டு எதற்கு உலை வைக்க வேண்டும்? இதே பூஞ்சையைத் தொட்டியில் வளர்த்து, இதே நொதியை ஆலைகள் டன் கணக்கில் எடுக்கின்றன.

கேள்வி: நொதி அதிகம் வேண்டுமென்றால் அதன் ஜீனைப் பத்து பிரதி சேர்த்துவிடலாமே? ஓரளவுக்கு மேல் பயன் இல்லை என்கிறார் எங்கள் பேராசிரியர். ஏன்? (உயிர்த்தொழில்நுட்ப மாணவர், சேலம்)

பதில்: அவர் சொல்வது சரி, தம்பி. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறைக்குப் போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஆர்டர் பத்து மடங்கு வந்தாலும் பற்றவைக்கிறவர் இரண்டே பேர் என்றால், கம்பி மலையாகக் குவியுமே தவிர கொலுசு வெளியே போகாது. செல்லுக்குள் அந்தப் பட்டறைதான் எண்டோபிளாச வலை. வெளியே போக வேண்டிய புரதம் ஒவ்வொன்றும் நூலாக உள்ளே நுழைந்து, சரியாக மடிந்து, பல இடங்களில் கந்தகப் பிணைப்பால் பற்றவைக்கப்பட்ட பிறகுதான் வாசலைத் தாண்டும். மடித்துவிட பிஐபி, பற்றவைக்க பிடிஐ என்று தனித்தனிப் புரதங்கள் உண்டு. பிரதிகளைக் கூட்டினால் நூல்தான் கூடும், இந்தக் கைகள் கூடாது.

மடியாத புரதம் குவிந்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். வலையின் சவ்வில் ஐஆர்இ என்றொரு காவலாள் இருக்கிறது. அது நெருக்கடியை உணர்ந்ததும் ஹேக்ஏ என்ற ஜீனின் ஆர்என்ஏ-விலிருந்து சரியாக 20 எழுத்துகளை வெட்டி எறிகிறது. ஈஸ்டில் இந்தத் துண்டு 252 எழுத்து நீளம், இழைப் பூஞ்சைகளில் வெறும் 20. அந்தச் சின்ன வெட்டு விழுந்த பிறகுதான் ஹேக்ஏ புரதம் முழு வேகத்தில் உருவாகி, மடிக்கிற ஆட்களைக் கூட்டுகிற ஜீன்களை எழுப்புகிறது. அதே சமயம் பூஞ்சை இன்னொரு வேலையும் செய்கிறது. வெளியே அனுப்பும் நொதிகளின் ஜீன்களையே குறைத்துவிடுகிறது, அதாவது ஆர்டரையே நிறுத்திவிடுகிறது. டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையில் இதை ஃபின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2003-இல் காட்டினார்கள். நீங்கள் பத்து பிரதி சேர்த்தாலும் மகசூல் முட்டி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஹேக்ஏ-வை எப்போதும் முடுக்கியே வைத்தால் சில புரதங்களுக்குப் பலன் கிடைக்கும், ஆனால் பூஞ்சையின் வளர்ச்சி தளரும். என்னைக் கேட்டால் பிரதிகளை எண்ணுவதை விட, அந்தப் பூஞ்சை எந்த இடத்தில் மூச்சுத் திணறுகிறது என்று தேடுவதுதான் உருப்படியான ஆராய்ச்சி.

இந்த ரீசி இரண்டாம் உலகப்போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரத் துணியை அரித்துக்கொண்டிருந்தது. அதன் வாரிசான ரூட்-சி30 ரகத்தைப் புற ஊதாக் கதிராலும் ரசாயனத்தாலும் மாற்றி எடுத்தார்கள். குளுக்கோஸைக் கண்டால் மூடுகிற அந்தப் பூட்டு அதில் உடைந்து போயிருக்கிறது, லிட்டருக்கு 30 கிராம் அளவில் புரதம் தரும்.

கேள்வி: சலவைத்தூளில் மரபணு மாற்றிய பூஞ்சை இருக்கிறதாமே? (வாசகி, அம்மாபேட்டை)

பதில்: பூஞ்சை இல்லை, அது தந்த நொதிதான் இருக்கிறது. எண்ணெய்க்கறை போக்கும் லைப்பேஸ் நொதியை ஒரு பூஞ்சையின் ஜீனை ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்ற இன்னொரு பூஞ்சையில் வைத்துத் தயாரித்து 1988-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பூஞ்சையை வடிகட்டிவிட்டு நொதியை மட்டும் எடுப்பார்கள். நொதித் தூசியை மூச்சில் இழுத்தால் ஒவ்வாமை வரும், ஆலைத் தொழிலாளர்கள் அப்படிப் பாதிக்கப்பட்ட பிறகுதான் அதை மணியாக உருட்டி விற்க ஆரம்பித்தார்கள். தூளைக் கொட்டும்போது முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மிளகுக்கொடிக்கு வாங்கிய டிரைக்கோடெர்மா பொடி போன வருடம் நன்றாக வேலை செய்தது. இந்த வருடம் தொழுவுரத்தில் கலந்து, மூட்டை கட்டித் தகரக் கொட்டகையில் பத்து நாள் வைத்திருந்து போட்டோம், வாடல் நிற்கவில்லை. பொடி போலியா? (வாசகர், ஏற்காடு)

பதில்: பொடியைச் சந்தேகிக்கும் முன் அந்தத் தகரக் கொட்டகையைச் சந்தேகிக்கிறேன் ஐயா. பாக்கெட்டில் இருப்பது நோய்க்கிருமியைத் தாக்கும் பூஞ்சையின் தூங்குகிற வித்து. டிரஹலோஸ் என்ற சர்க்கரையையும் வெப்பம் தாங்கும் புரதங்களையும் சேமித்து வைத்திருப்பதால் ஓரளவு சூட்டையும் வறட்சியையும் பொறுத்துக்கொள்ளும். ஈர எருவில் கலந்ததும் அது விழித்து, அந்தச் சர்க்கரையைக் கரைத்துத்தான் முளைவிடும், அதோடு தாங்குசக்தியும் போய்விடும். விழித்த பிறகு மேலே தகரச் சூடு, உள்ளே எருவின் சூடு, கட்டிய மூட்டையில் காற்றோட்டமும் இல்லை. அதில் உயிர் பிழைப்பதே பாடு, நோய்க்கிருமியின் சுவரைக் கரைக்கும் நொதியை எங்கே சுரக்கும்?

இந்த முறை மக்கிய எருவையே எடுங்கள், சூடு ஆறாத எரு வேண்டாம். பொடியின் காலாவதித் தேதியைப் பாருங்கள். சில்வர் ஓக் நிழலில் குவித்து, ஈரச் சாக்கால் மூடி, கையில் பிடித்தால் உருண்டையாகி நீர் வடியாத பதத்தில் இரண்டு வாரம் வையுங்கள், நடுவில் ஓரிரு முறை புரட்டிவிடுங்கள். போர்டோ கலவை ஊற்றியிருந்தால் 15 நாளாவது இடைவெளி விடுங்கள், அதிலுள்ள செம்பு இந்தப் பூஞ்சையையும் கொன்றுவிடும். பச்சையாகப் பூத்து, சில ரகங்களில் லேசான தேங்காய் வாசம்கூட வரும். அப்போது எடுத்து வேரடியில் போட்டுச் சருகால் மூடிவிடுங்கள்.