அந்த ஒரு சிக்னல் எங்கே?

கேள்வி: மூளைக் கட்டி பரவக் காரணமான சிக்னலைக் கண்டுபிடித்துவிட்டதாக அடிக்கடி செய்தி வருகிறது. கண்டுபிடித்தாகிவிட்டதென்றால் அதை அடைத்துத் தொலைக்க வேண்டியதுதானே? மருந்துக் கம்பெனிகள் ஏன் மறைக்கின்றன? கட்டியை முழுசாக எடுத்துவிட்டோம் என்று சொல்லும் டாக்டர்களும் உடந்தையா?

பதில்: யாரும் மறைக்கவில்லை. அடைத்துப் பார்த்தார்கள், தோற்றார்கள், தோற்றதை அச்சிலும் போட்டார்கள். நீங்களும் நானும் தலைப்போடு நிறுத்திக்கொண்டோம், அவ்வளவுதான்.

டாக்டர் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். 'முழுசாக' என்றால் ஸ்கேனில் தெரிந்தவரை முழுசாக. கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய வகைக்கு ஓரம் என்று ஒன்று கிடையாது. கட்டி தெரிகிற இடத்தைத் தாண்டி, நல்ல மூளைக்குள் தனித்தனிச் செல்களாக ஊறிப்போயிருக்கும். 1928-இல் வால்டர் டேண்டி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வலது பக்க மூளை அரைக்கோளத்தையே எடுத்துப் பார்த்தார். அப்படியும் திரும்பி வந்தது.

சரி, சிக்னல். ஒரே ஒரு செல்லைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். மூளையில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள சந்து, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் அதில் ஒன்றுகூடத் தேறாது. அதற்குள் இது தன் கருவையும் சுமந்துகொண்டு போக வேண்டும். முன்னால் மெல்லிய விரல் மாதிரி ஒன்றை நீட்டுகிறது, சந்தில் இருக்கிற ஹயலூரோனிக் அமிலப் பசையை சிடி44 என்ற புரதத்தால் பற்றிக்கொள்கிறது, மறிப்பதை நொதிகளால் அரிக்கிறது. அப்புறம் பொட்டாசியத்தையும் குளோரைடையும் வெளியே விட, கூடவே தண்ணீரும் போய், செல் சுருங்குகிறது. மிச்சம் இருப்பது கரு. அதுதான் பெரிய மூட்டை, லேசில் நசுங்காது, மயோசின் என்ற புரதம் பின்னாலிருந்து பிழிந்து தள்ளினால்தான் நகரும். பிறகு மறுபடியும் விரல்.

இதில் நீட்டுவதற்கு ராக், பிழிவதற்கு ரோ என்று செல்லுக்கு உள்ளே தனித்தனிக் கையாள் புரதங்கள். அவர்களுக்கு உத்தரவு வருகிற வாசல்களோ, அதாவது செல்லின் மேல்பரப்பில் இருக்கிற ஏற்பிகளோ, இஜிஎஃப்ஆர், மெட், இன்டெக்ரின் என்று பல. ஒரு வாசலைப் பூட்டினால் அடுத்த வாசல் வழியாக அதே செய்தி உள்ளே இருக்கிற அதே பிஐ3கே என்ற செய்திப் பாதைக்குப் போய்ச் சேருகிறது. போதாததற்கு, மூளையைக் காக்க வேண்டிய மைக்ரோகிளியா செல்களையே கட்டி ஆள்விட்டு அழைத்து, அவற்றிடமிருந்து இஜிஎஃப்ஆர் வாசலைத் திறக்கும் இஜிஎஃப் புரதத்தை வாங்கிக்கொள்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

நீங்கள் சொன்ன 'அடைப்பு' வேலையைச் செய்தது சிலென்ஜிடைடு என்ற மருந்து. இன்டெக்ரின் வாசலைப் பூட்டும். 545 நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2014-இல் வந்தது: மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம்) 26.3 மாதம், பெறாதவர்களுக்கும் 26.3 மாதம். புள்ளிகூட நகரவில்லை! ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவசிசுமாப் பற்றி அதே ஆண்டில் இரண்டு பெரிய சோதனைகளின் முடிவு வந்தது, நோய் முற்றுவது கொஞ்சம் தள்ளிப்போனதே தவிர ஆயுள் கூடவில்லை. பணம் போட்ட கம்பெனி மறைக்க நினைத்திருந்தால் மறைக்க வேண்டியது இதையல்லவா?

எனக்கு இதில் உறுத்துவது வேறு. 2019-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின: நரம்புச் செல்கள் இந்தக் கட்டிச் செல்களோடு நேரடியாகவே இணைப்பு, அதாவது சினாப்ஸ், போட்டுக்கொள்கின்றன. நரம்பு, செய்தி சொல்லும் வேதிப்பொருளான குளுட்டமேட்டைச் சுரந்தால் கட்டிச் செல்லில் இருக்கிற ஆம்பா ஏற்பி அதை வாங்குகிறது, செல் வளர்கிறது, நகரவும் செய்கிறது. ஆக, பரவச் சொல்லும் சிக்னலில் ஒரு பங்கு மூளையின் சொந்தப் பேச்சு.

வலிப்புக்கு ஏற்கெனவே தருகிற பெராம்பனெல் அந்த ஏற்பியை அடைக்கும். எலிகளில் கட்டியின் வேகம் குறைந்தது. மனிதர்களிடமும் சோதிக்க இறங்கியிருக்கிறார்கள். ஆனால் இந்தப் பதிலை நீங்கள் படித்துக்கொண்டிருப்பதும் அதே ஆம்பா ஏற்பிகளை வைத்துத்தான், அதனால் எவ்வளவு அடைக்கலாம் என்பதிலேயே பாதிச் சண்டை நடக்கிறது.