கிளை

வணக்கம் ஐயா,

நீங்கள் ஒரு உரையில் சொல்லிவிட்டுப் போன ‘ஆஃப் காட்ஸ் அண்ட் மென்’ என்ற பிரெஞ்சுப் படத்தை நேற்றிரவு பார்த்தேன். நான் கோயிலுக்கும் போகாதவன், சர்ச்சுக்கும் போகாதவன். அப்படியும் அந்தச் சாப்பாட்டு மேசைக் காட்சியில் கண் கலங்கிவிட்டது. காலையில் எழுந்தபோது ஒரு சந்தேகம். அல்ஜீரியாவில் உள்நாட்டுப் போர், அரசாங்கமே கிளம்பச் சொல்கிறது, துப்பாக்கிக்காரர்கள் மடத்துக்குள்ளேயே வந்துவிட்டுப் போகிறார்கள். அப்போதும் அந்தப் பிரெஞ்சுக் கத்தோலிக்கத் துறவிகள் நகரவில்லை. இது தியாகமா, வெறும் பிடிவாதமா? சாவைப் புனிதமாக்கும் படமோ?

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கேள்வியை உங்களுக்கு முன்பே அந்தத் துறவிகள் கேட்டுவிடுகிறார்கள். ராணுவக் காவல் வேண்டாமென்று மடத்தலைவர் கிறிஸ்தியான் தானாகவே சொல்லிவிட்டு வர, மற்றவர்கள் அவரைப் பிடித்து உலுக்குகிறார்கள். நீ ஒருவனே முடிவெடுக்கவா உன்னைத் தேர்ந்தெடுத்தோம்? கூட்டுத் தற்கொலைக்கு நான் வரவில்லை என்கிறார் ஒருவர். கிறிஸ்தோஃப் என்ற துறவி இரவில் கடவுளிடம் கதறுவது மற்ற அறைகளுக்கும் கேட்கிறது. புனிதர் கதைகள் பெரும்பாலும் வெட்டியெறிந்துவிடும் இந்தப் பயத்தை இயக்குநர் சேவியர் போவுவா நிதானமாகக் காட்டுகிறார். கிளம்பிவிடலாம் என்றவர்களைப் படம் எங்கும் கோழைகளாக்கவில்லை.

பிறகு ஏன் இருந்தார்கள்? படம் அதற்கு வேலைகளைத்தான் காட்டுகிறது. தேனைச் சந்தையில் விற்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள். துறவிகளில் மருத்துவரான ஆஸ்துமாக்காரக் கிழவர் லூக் டிஸ்பென்சரி வாசலில் காத்திருக்கும் கூட்டத்தை ஒவ்வொருவராகப் பார்க்கிறார். மருந்துக்கு வந்த பெண்ணுக்குச் செருப்பும் தேடித் தருகிறார். நாங்கள் கிளையில் உட்கார்ந்த பறவைகள் மாதிரி, பறப்போமா இருப்போமா தெரியவில்லை என்று ஒரு துறவி சொல்ல, ஊர்ப்பெண் திருத்துகிறாள்: பறவைகள் நாங்கள், கிளை நீங்கள். படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். கிளைக்குப் பறந்துபோகும் வசதி கிடையாது.

படம் சொல்லாத ஒன்றும் உண்டு. 1959இல் அல்ஜீரிய விடுதலைப் போரின்போது கிறிஸ்தியான் அங்கே பிரெஞ்சு ராணுவ அதிகாரி. ஒரு மோதலில் அவர் உயிரைக் காப்பாற்றியவர் ஒரு முஸ்லிம் நண்பர், கிராமக் காவலர். மறுநாள் அந்த நண்பர் கொல்லப்பட்டார். அந்த நாட்டில் கிறிஸ்தியானுக்குத் தீராத ஒரு கடன் இருந்தது. தன்னைக் கொல்லப்போகிறவனையும் நண்பனே என்று அழைத்து அவர் முன்கூட்டியே எழுதிவைத்த கடிதத்தை இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அது வேறு மாதிரி ஒலிக்கும்.

நீங்கள் அழுத காட்சியை முதல் முறை பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒயின், மேசை, பின்னணியில் சைக்கோவ்ஸ்கியின் ‘ஸ்வான் லேக்’ இசை. இயேசுவின் கடைசி இராவுணவு என்று எழுதி ஒட்டாத குறை! இரண்டாம் முறை இசையை விட்டுவிட்டு லூக்காக நடித்த மைக்கேல் லோன்ஸ்டேலின் முகத்தை மட்டும் பார்த்தேன். எரிச்சல் போய்விட்டது.

சாவைப் புனிதமாக்குகிறதா என்றால், அந்தச் சாவைப் படம் காட்டவே இல்லையே. 1996 மார்ச் 26 நள்ளிரவுக்குப் பின் திபிரின் என்ற ஊரிலிருந்த அந்த மடத்திலிருந்து ஏழு பேர் கடத்தப்பட்டார்கள். மே மாதம் தலைகள் மட்டும் கிடைத்தன. ஜி.ஐ.ஏ. என்ற ஆயுதக் குழு பொறுப்பேற்றது. அல்ஜீரிய ராணுவத்தின் மீதும் சந்தேகம் விழுந்தது, அது இன்னும் தீரவில்லை. இவ்வளவையும் விட்டுவிட்டு, பனியில் நடந்து மறையும் மனிதர்களோடு படம் முடிந்துவிடுகிறது. கத்தோலிக்கத் திருச்சபை அவர்களுக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் தந்தது 2018இல், படம் வந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

கடத்தியவர்கள் கண்ணில் படாமல் அன்றிரவு இருவர் தப்பினார்கள். அவர்களில் ழான்-பியர் பிரான்ஸுக்குத் திரும்பவில்லை. மொராக்கோவில் மிடெல்ட் என்ற ஊரில் ஒரு சிறு மடத்தில் இருந்து, திபிரினில் பாடிய அதே திருப்பாடல்களைப் பாடிக்கொண்டு, 2021இல் தன் 97ஆவது வயதில் இறந்தார்.